சேர்ந்ததா, பூட்டியதா, தெரிந்ததா

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

மாடி அறைக்குப் பலகை வந்துவிட்டது. எட்டடி நீளம், இரண்டடி அகலம், 12 மி.மீ. பிளைவுட். அடியில் சட்டம் அடித்து இடுப்பு உயரத்துக்கு நிறுத்தியாயிற்று. இதில் வரப்போவது மீட்டர் கேஜ் காலத்து விருதுநகர்–தென்காசிப் பாதையின் சாயலில் ஒரு சிறு நிலையம். பெயர்ப்பலகையில் சிவகாசி என்றுதான் எழுதவேண்டும் என்று மகள் முடிவு செய்துவிட்டாள். ஒற்றைப் பாதை, எதிர்வண்டிக்கு ஒதுங்க ஒரு லூப், லூப்பிலிருந்து சரக்குக் கொட்டகைக்குப் பிரியும் ஒரு சைடிங். ஆக, பாதை பிரியும் இடமான பாயிண்ட் மூன்று.

தண்டவாளம் சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் கொடுத்தது. பழையது, ஆனால் நல்ல சரக்கு. ஹெச்.ஓ. அளவு, இரண்டு ரெயிலுக்கும் நடுவே 16.5 மி.மீ. வெளிநாடுகளில் இதை 1,435 மி.மீ. பாதையின் 87-இல் ஒரு பங்காக எடுத்துக்கொள்கிறார்கள். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; அந்தக் கணக்கில் 19 மி.மீ.-க்கு மேல் வேண்டும். பொருந்தாது. மீட்டர் கேஜுக்கோ அழகாகப் பொருந்துகிறது: 1,000 மி.மீ.-ஐ 60-ஆல் வகுத்தால் 16.7. ஸ்லீப்பரையும் அளந்து பார்த்தேன், ஏறக்குறைய 30 மி.மீ. நீளம். 60-ஆல் பெருக்கினால் 1.8 மீட்டர். மீட்டர் கேஜ் மர ஸ்லீப்பரின் நீளமும் அதேதான். ஆகவே நம் அளவு 60-இல் ஒன்று. ஹெச்.ஓ. எஞ்சினின் சக்கரமும் மோட்டாரும் அப்படியே இருக்கட்டும், மேல்கூட்டை ஒய்.பி. நீராவி எஞ்சின் வடிவத்தில் அட்டையில் நானே கட்டுவேன். சிவகாசி அச்சகத்தில் வேலை பார்ப்பவனுக்கு அட்டைக்குப் பஞ்சமில்லை.

மூன்று பாயிண்டுக்கும் மோட்டார் இல்லை. வெளிநாட்டு மோட்டார் ஒன்று, அதை இயக்கும் சர்க்யூட்டோடு சேர்த்தால், ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. கையால் மாற்றும் அமைப்பை நாமே செய்வது என்று முடிவு. பணம் மட்டும் காரணமல்ல. எந்த வண்டி எந்தப் பாதையில் போகவேண்டும் என்று தீர்மானமாவது பாயிண்டில்தான். அந்தத் தீர்மானத்தை மகள் தன் கையால் இழுத்து, அதன் கனத்தை உணர்ந்து பழகவேண்டும் என்று எனக்கு ஆசை.

மே 1, வியாழன்

மே தின விடுமுறை. அடுத்த தெரு அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு விருதுநகர் ஜங்ஷன் போனேன். சிக்னல் பராமரிப்பில் காலமெல்லாம் உழைத்து ஓய்வுபெற்றவர். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு தெற்குக் கோடிவரை நடந்தோம். நேரே போனால் சாத்தூர், கோவில்பட்டி. பிரிந்து போனால் திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி. தினமும் இந்தப் பிரிவைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். நின்று பார்த்தது இன்றைக்குத்தான்.

பிளாட்பாரத்தில் நின்றபடியே அண்ணாச்சி கை நீட்டிக் காட்டினார். அசையாமல் கிடப்பது ஸ்டாக் ரெயில். அதன் பக்கத்தில் முனை சீவிக் கிடப்பது டங் ரெயில். இரண்டு டங் ரெயிலையும் குறுக்குக் கம்பி சேர்த்துப் பிடித்திருக்கிறது; ஒன்று ஸ்டாக் ரெயிலில் ஒட்டும்போது மற்றது விலகும். ஓரத்தில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் 110 வோல்ட் டி.சி. மோட்டார். முன்பு சிக்னல் கேபினில் லீவரை இழுத்தால் கம்பி வழியாக இழுபட்டு வந்த வேலையை இப்போது அது செய்கிறது.

"நகர்த்துறது ஒண்ணும் பெரிசில்ல தம்பி," என்றார் அண்ணாச்சி. "பாயிண்டுக்கு மூணு கேள்வி. சேர்ந்ததா? பூட்டியதா? ரெண்டும் ஆனது கேபினுக்குத் தெரிஞ்சதா? மூணுக்கும் ஆமான்னு வந்தாத்தான் கைகாட்டி இறங்கும். அது வரைக்கும் டிரைவர் அண்ணன் வெளியதான் நிக்கணும்."

முனைப் பக்கமிருந்து வண்டி வந்தால் அது ஃபேசிங் பாயிண்ட். ஒட்டவேண்டிய டங் ரெயில் முழுக்க ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றால், சக்கரத்தின் விளிம்பு அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிடும். முன்சக்கரம் ஒரு பாதையிலும் பின்சக்கரம் இன்னொரு பாதையிலும் போகும். அதற்காகத்தான் பூட்டு, அந்தப் பூட்டு விழுந்ததா என்று பார்ப்பதற்குத்தான் டிடெக்‌ஷன். பாயிண்டையும் சிக்னலையும் ஒன்றுக்கொன்று கட்டுப்படுத்தும்படி இணைக்கும் இன்டர்லாக்கிங் முறைக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856-இல் காப்புரிமை பெற்றார். அன்று முதல் உபகரணம் எத்தனையோ மாறிவிட்டது. மூன்று கேள்வியும் மாறவில்லை.

பாயிண்டைச் சோதிக்கும் விதத்தையும் கேட்டுக்கொண்டேன். டங் ரெயிலுக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே, முனையிலிருந்து 150 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. கனமுள்ள இரும்புத் துண்டை வைத்துப் பாயிண்டை மாற்றச் சொல்வார்களாம். பூட்டு விழக்கூடாது; 'சேர்ந்தது' என்ற செய்தியும் கேபினுக்குப் போகக்கூடாது. இரண்டில் ஒன்று நடந்துவிட்டாலும் அந்தப் பாயிண்ட் சரியில்லை.

5 மி.மீ.-ஐ 60-ஆல் வகுத்தேன். 0.083 மி.மீ. எங்கள் அச்சகத்தில் தினமும் கைபடும் 60 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ காகிதத்தின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். என் டெஸ்ட் பீஸ் கிடைத்துவிட்டது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடக்கம். வெயில் ஏறுவதற்குள் கடைகளுக்குப் போய் வந்தேன்.

சைக்கிள் கடையில் பழைய ஸ்போக் ஒரு கட்டு. கழித்துப் போட்டது, காசு வாங்கவில்லை. ரேடியோ சாமான் கடையில் ஆறு கால் ஸ்லைடு ஸ்விட்ச், ஒன்று பதினைந்து ரூபாய். எலக்ட்ரிக்கல் கடையில் வயர் இணைக்கும் ஸ்ட்ரிப் கனெக்டர். அதன் பிளாஸ்டிக்கை உரித்தால் உள்ளே இரண்டு திருகோடு குட்டிப் பித்தளைக் குழாய். மீன் தொட்டிக் காற்றுக் குழாய் ஒரு மீட்டர். கிட்டார் கம்பி ஒன்று, மெல்லியது.

அமைப்பைப் பொறுமையாக எழுதி வைக்கிறேன். பிறகு யாருக்காவது உதவும்.

ஸ்போக் ஏறத்தாழ ஓரடி நீளம், 2 மி.மீ. கனம். ஒரு நுனியில் மரை. அதில் நிப்பிள் ஏறும். மரை உள்ள நுனியைப் பலகையின் முன்விளிம்பில் வெளியே நீட்டி, நிப்பிளில் ஒரு மர மணியை ஒட்டினால் அதுவே இழுக்கும் பிடி. பலகைக்கு அடியில், முன்விளிம்பை ஒட்டி, ஸ்லைடு ஸ்விட்சைத் திருகி நிறுத்தவேண்டும். ஸ்விட்சின் பிளாஸ்டிக் குமிழில் 2 மி.மீ. துளை. துளை வழியே ஸ்போக் போகும். குமிழின் இரு பக்கமும் ஒவ்வொரு பித்தளைக் குழாயை ஸ்போக்கில் மாட்டித் திருகை இறுக்கினால், ஸ்போக் நகரும்போது ஸ்விட்ச் குமிழும் கூடவே நகரும். அதற்கப்புறம் ஸ்போக் மீன் தொட்டிக் குழாய்க்குள் ஓடிப் பாயிண்டுக்கு நேர் கீழே வந்து நிற்கும். அங்கே இன்னொரு பித்தளைக் குழாய். அதில் கிட்டார் கம்பியைச் செங்குத்தாக இறுக்கி, பலகையில் போட்ட துளை வழியே மேலே ஏற்றி, பாயிண்டின் குறுக்குக் கம்பியிலுள்ள ஓட்டையில் மாட்டவேண்டும். அவ்வளவுதான். பாயிண்ட் நகரும் திசையும் ஸ்போக் நகரும் திசையும் ஒன்றே என்பதால் நடுவில் திருப்பம் எதுவும் வேண்டியதில்லை.

ஸ்லைடு ஸ்விட்ச் குமிழ் ஏறத்தாழ 4 மி.மீ. நகர்கிறது. பாயிண்டின் டங் ரெயில் நகரவேண்டியதோ 2 மி.மீ.-க்குச் சற்று மேல். மிச்ச நகர்வைக் கிட்டார் கம்பி தன் வளைவுக்குள் வாங்கிக்கொள்கிறது. வளைந்த கம்பி நேராகத் திமிறும். அந்தத் திமிறல்தான் டங் ரெயிலை ஸ்டாக் ரெயிலில் அழுத்திப் பிடித்து வைக்கிறது. ஆகவே கம்பி திமிறுகிற ஜாதியாக இருக்கவேண்டும். அச்சகத்தில் புத்தகம் தைக்கும் கம்பி எனக்குச் சும்மா கிடைக்கும். ஆனால் அது வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும், இதற்கு உதவாது.

ஸ்விட்சின் உள்ளே ஒரு குட்டி உருண்டையும் ஸ்பிரிங்கும் 'டக்' என்று இரண்டு பக்கமும் விழுந்து நிற்கின்றன. நடுவில் நிற்காது. அண்ணாச்சி சொன்ன இரண்டாவது கேள்விக்குப் பதினைந்து ரூபாயில் பதில். பிரிட்டனில் மாடல் ரயில் கட்டுகிறவர்கள் நெடுங்காலமாகக் குழாய்க்குள் கம்பி ஓடவிட்டுத்தான் பாயிண்டை இழுக்கிறார்கள்; அமெரிக்காவில் பாயிண்டின் பக்கத்திலேயே ஸ்பிரிங் வைத்த குட்டி லீவரைப் பதித்து விரலால் திருப்புகிறவர்கள் நிறைய. இரண்டு வழியிலும் விரலுக்கு எதிர்ப்பும், கடைசியில் அந்த 'டக்'கும் உண்டு.

மகள் இழுத்தாள். தள்ளினாள். மறுபடி இழுத்தாள். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபிறகும் அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மே 7, புதன்

அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் கழிவு கிரே போர்டில் முகப்புத் தகடு பஞ்ச் செய்துகொண்டேன். வேறொரு பெட்டி வேலைக்குச் செய்த பழைய டை. பிளைவுட்டில் பதித்த கட்டிங் ரூலை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முதலாளி சம்மதம் தந்தார். காலண்டர் வேலை ஆடிக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். இப்போது கொஞ்சம் மூச்சு விடலாம்.

மூன்று துளை, மூன்று எண், மேலே பாதையின் கோட்டுப்படம். எந்த மணியை இழுத்தால் எந்தப் பாதை என்று தகட்டைப் பார்த்தே புரியவேண்டும். கேபின்களில் லீவர்களுக்கு நிறம் உண்டு: நிறுத்தும் சிக்னலுக்குச் சிவப்பு, பாயிண்டுக்குக் கறுப்பு, பூட்டுக்கு நீலம், வேலையில்லாத லீவருக்கு வெள்ளை. மகள் மூன்று மணிக்கும் கறுப்பு அடித்தாள். நீலத்துக்கு ஒரு துளை விட்டுவைக்கச் சொன்னாள். பூட்டு வராமல் போகாது என்று அவளுக்கு நம்பிக்கை.

வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நினைத்துக்கொண்டேன். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அதிலிருந்து எழுந்த ஊர் இது. தெரியாத பொருளைப் பிரித்துப் பார்த்து, உள்ளூரில் கிடைப்பதை வைத்துச் செய்துகொள்வது இங்கே புதிதல்ல.

மே 11, ஞாயிறு

காகிதச் சோதனை.

மேப்லித்தோவை அரை செ.மீ. அகலத்தில் நறுக்கி, டங் ரெயிலுக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே வைத்து மணியைத் தள்ளினேன். சரியாகப் பிடித்திருந்தால் காகிதத்தை உருவ முடியாது, கிழியும். முதல் பாயிண்டில் இடப்பக்கம் கிழிந்தது. வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் அழுத்தம் அதிகம், மறுபக்கம் குறைவு. குமிழின் இரு பக்கத்துப் பித்தளைக் குழாயையும் தளர்த்தி, ஸ்போக்கை ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி இறுக்கினேன். இப்போது இரண்டு பக்கமும் கிழிகிறது.

லூப்பின் பின்கோடியில் இருக்கும் பாயிண்ட் முன்விளிம்புக்கு நேராக வரவில்லை, இடையில் சட்டக்கட்டை. அதற்கு ஒரு எல் வடிவக் கிராங்க் வேண்டியிருந்தது. மகளின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் மூலைமட்டத்தில் இரண்டு கையும் சம நீளமாக வெட்டி, மூலையில் திருகு போட்டுத் திருப்பிவிட்டேன். திருகுத் துளை தொளதொளவென்று இருந்தால் நகர்வில் பாதி அங்கேயே போய்விடும். துளையைச் சிறிதாகப் போட்டு, திருகே தன் இடத்தை அறுத்துக்கொள்ளும்படி விட்டது நல்ல பலன் தந்தது.

மே 15, வியாழன்

இரவு மின்சார வேலை. மாடல் ரயிலில் ஒரு ரெயில் பிளஸ், மற்றது மைனஸ். பாயிண்டின் நடுவே, ஒரு பாதையின் இடது ரெயிலும் மறு பாதையின் வலது ரெயிலும் வெட்டிக்கொள்ளும் கிராஸிங் உலோகமாக இருந்தால் அதற்கு எந்த முனையைக் கொடுப்பது? பாதை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்பக் கொடுக்கவேண்டும். தவறினால் ஷார்ட், கொடுக்காமல் விட்டால் குட்டி எஞ்சின் அந்த இடத்தில் செத்து நிற்கும்.

ஸ்லைடு ஸ்விட்சின் ஆறு கால் இதற்குத்தான். மூன்று மூன்றாக இரண்டு வரிசை. முதல் வரிசையின் நடுக்கால் கிராஸிங்குக்கு. இரு ஓரமும் பிளஸ், மைனஸ். மணியை இழுத்தால் டங் ரெயிலும் மாறுகிறது, கிராஸிங்கின் மின்சாரமும் மாறுகிறது. ஒரே இழுப்பு. இரண்டாவது வரிசையில் எல்.இ.டி.: மெயினுக்குப் பச்சை, லூப்புக்கு மஞ்சள். விளக்கு எரிந்ததும் மூன்றாவது கேள்விக்கும் விடை வந்துவிட்டது என்று மகிழ்ச்சி. அண்ணாச்சியை ஞாயிறு அன்று பார்க்க வரச் சொன்னேன்.

மே 18, ஞாயிறு

அண்ணாச்சி வந்தார். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் அக்காவும் வந்திருந்தாள்.

அண்ணாச்சி மணியைத் தள்ளினார். பச்சை. இழுத்தார். மஞ்சள். பிறகு குனிந்து, மேலேயிருந்து ஒரு விரலால் டங் ரெயிலை நடுவில் பிடித்துக்கொண்டு மகளைத் தள்ளச் சொன்னார். கிட்டார் கம்பி வளைந்துகொடுத்தது, ஸ்விட்ச் 'டக்' என்று விழுந்தது, பச்சை எரிந்தது. டங் ரெயில் நடுவிலேயே நின்றது.

"இந்த விளக்கு மணி எங்க இருக்குன்னு சொல்லுது. ரெயில் எங்க இருக்குன்னு சொல்லல," என்றார்.

அறையில் எல்லோரும் அந்தப் பச்சையையே பார்த்தோம். அக்காதான் பேசினாள். "எங்க ஷெட்டுலயும் அதேதான். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல ஆகாது. இரும்புச் சாமான் உள்ள வரக்கூடாது, பித்தளையும் மரமும்தான். நுழையிறப்ப செம்புத் தகட்டைத் தொட்டுட்டு நுழையணும். எல்லாம் ஆச்சான்னு கேட்டா ஆச்சுன்னு வாயால சொல்லிரலாம். போய்ப் பாத்துட்டு வந்து சொல்றவுகதான் வேலைக்காரவுக."

அவள் சொன்னது இந்தக் குட்டிப் பாயிண்டுக்கு மட்டுமான பேச்சல்ல. ஒவ்வொரு கோடையிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டாசு ஆலை விபத்துச் செய்தி பார்க்கும் வட்டாரம் இது. விதி இருக்கிறது என்பதும் விதி நடக்கிறது என்பதும் வேறு வேறு. நடுவே யாராவது ஒருவர் நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

டிடெக்‌ஷன் டங் ரெயிலிலிருந்தே வரவேண்டும். அண்ணாச்சி காகிதத்தில் வரைந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மே 21, புதன்

மொபைல் சர்வீஸ் கடையில் எம்2 திருகு ஒரு சிட்டிகை அள்ளிக் கொடுத்தார்கள். பழைய டார்ச் லைட்டின் பேட்டரித் தகட்டிலிருந்து பித்தளை நறுக்கினேன்.

குறுக்குக் கம்பியின் வெளிநுனியில் ஒரு பித்தளைத் துணுக்கு ஒட்டியாயிற்று. அதற்கு இருபுறமும் ஒவ்வொரு எம்2 திருகு, பலகையில் பதித்த குட்டிப் பித்தளைக் கோணத்தில். டங் ரெயில் முழுக்க இடப்பக்கம் ஒட்டினால் துணுக்கு இடத் திருகைத் தொடும்; பச்சை. வலப்பக்கம் ஒட்டினால் வலத் திருகு, மஞ்சள். நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. எம்2 திருகு ஒரு முழுச் சுற்றுக்கு 0.4 மி.மீ. நகரும். கால் சுற்றுக்கு 0.1 மி.மீ. காகிதத்தின் கனத்தைப் பிடிக்க இது போதும்.

காகிதத் துண்டை இடையில் வைத்துப் பாயிண்டைத் தள்ளி, விளக்கு அணையும்வரை திருகைப் பின்னால் வாங்கினேன். காகிதத்தை எடுத்துவிட்டுத் தள்ளினேன். பச்சை. காகிதத்தை வைத்தேன். இருட்டு. ரயில்வேயின் 5 மி.மீ. சோதனையை 60-இல் ஒரு பங்கு அளவில் எங்கள் பாயிண்ட் தாண்டிவிட்டது. மகளும் நானும் ஒருவர் மாற்றி ஒருவர் காகிதத்தை வைத்து வைத்து எடுத்தோம். விளக்கு எரியாமல் போவதைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்படுவோம் என்று நினைக்கவில்லை.

மே 25, ஞாயிறு

நீலத் துளைக்கு வேலை வந்தது. பூட்டு.

பாயிண்ட் மெஷினுக்கு மின்சாரம் இல்லாமல் போனால் கிராங்க் ஹேண்டில் என்ற கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் மாற்றுவார்கள். அந்தக் கைப்பிடி உள்ளே நுழையும்போதே மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டாகிவிடும். கை உள்ளே இருக்கும்போது மோட்டார் சுற்றாது. அண்ணாச்சி இதைச் சொன்ன நாள் முதல் மனத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரே பொருள் இரண்டு வேலை: இதைத் திறந்தால் அது நிற்கும்.

பழைய இயர்போனின் 3.5 மி.மீ. பிளக்கை எடுத்து, உள்ளே இரண்டு முனையையும் சேர்த்துப் பற்ற வைத்தேன். முகப்புத் தகட்டின் நீலத் துளைக்குப் பின்னால் அதற்கான சாக்கெட். துளைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே, தீப்பெட்டியின் அடிப்பெட்டி மேல்பெட்டிக்குள் ஓடுவது போல, ஒரு கிரே போர்டு உறைக்குள் ஓடும் சறுக்குத் தகடு. அந்தத் தகடு சைடிங் பாயிண்டின் ஸ்போக்கோடு சேர்ந்து நகரும். தகட்டில் ஒரே ஒரு ஓட்டை. சைடிங் பாயிண்ட் மூடி, பாதை லூப்புக்கு நேராக நிற்கும் நிலையில் மட்டும் ஓட்டை சாக்கெட்டுக்கு நேராக வரும். அப்போதுதான் பிளக் உள்ளே போகும்.

பிளக் உள்ளே போனால் இரண்டு காரியம் நடக்கிறது. சறுக்குத் தகடு சிக்கி நிற்பதால் சைடிங் மணியை இழுக்க முடியாது. பிளக் வழியே மின்சாரம் ஓடுவதால் நிலையத்துக்கு வெளியே இருக்கும் இரண்டு பக்கப் பாதைக்கும் உயிர் வருகிறது, வண்டி உள்ளே வரலாம். பிளக்கை உருவினால் வெளிப்பாதை செத்துவிடும், எந்த வண்டியும் நெருங்க முடியாது. சைடிங் திறக்கும், உள்ளே ஷண்டிங் பார்க்கலாம். மறந்துபோய்த் திறந்துவைத்துவிட்டு வண்டியைக் கூப்பிட வழியே இல்லை.

மெஷின், ரிலே, கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. அட்டை, ஸ்போக், அறுந்த இயர்போன். இன்டர்லாக்கிங்கின் உயிர் இதில் முழுசாக இருக்கிறது.

மே 28, புதன்

அக்னி நட்சத்திரம் முடிந்தது; வெயில் முடியவில்லை. அட்டை எஞ்சினுக்குக் கறுப்பு அடித்தேன். அடிக்கும்போதே ஓர் எண்ணம். புனேயில் பாவ் ஜோஷி என்று அழைக்கப்பட்ட பி.எஸ். ஜோஷியின் கனவில் உருவாகி 1998-இல் திறந்த குட்டி ரயில் அருங்காட்சியகத்தை மகளுக்குக் காட்டவேண்டும். ஒரு மனிதரின் ஆசை ஊருக்கே பொதுச்சொத்தானது அது. நம் பக்கமும் அப்படி ஒன்று எழவேண்டும். தீப்பெட்டியும் பட்டாசும் காலண்டரும் ஏற்றிக்கொண்டு ஓடிய மீட்டர் கேஜ் வண்டிகளின் காலத்தை இந்த வட்டாரப் பிள்ளைகள் படத்தில் பார்த்தால் போதாது; கையால் இயக்கிப் பார்க்கவேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

முழு ஓட்டம். அண்ணாச்சி ஸ்டேஷன் மாஸ்டர், மகள் கேபினில், நான் டிரைவர். அக்கா ஆலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலரைக் கூட்டி வந்திருந்தாள். மனைவி கடையிலிருந்து எண்ணெய் புரோட்டா வரவழைத்துவிட்டாள்.

விருதுநகர்ப் பக்கமிருந்து கொல்லம் மெயில். அந்த நேரத்தில் சரக்கு வண்டி லூப்பில் ஒதுங்கியிருக்கவேண்டும். மகள் முதல் மணியை இழுத்தாள்: மஞ்சள். சரக்கு வண்டி லூப்பில் நுழைந்தது. தள்ளினாள். விளக்கு வரவில்லை. நான் எஞ்சினை நகர்த்தவில்லை. அவள் இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்: பாதை ஓரத்துக்குத் தூவிய மணலில் ஒரு பருக்கை, டங் ரெயிலுக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே. பிரஷால் தட்டிவிட்டுப் போய் மறுபடி தள்ளினாள். பச்சை. "மெயின் ரெடி" என்று குரல் கொடுத்தாள். மெயில் தடங்கலின்றி ஓடிக் கடந்தது.

அண்ணாச்சி அவள் தலையில் கை வைத்தார். "பாத்தியா தாயி, விளக்கு எரியலன்னதும் நீ மணியை ரெண்டாவது தடவ தள்ளிப் பாக்கல. எறங்கிப் போய்ப் பாத்த. அதான் வேலை."

பிறகு பிளக்கை உருவி, சைடிங்கைத் திறந்து, தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிய இரண்டு மூடு வேகனைக் கொட்டகையில் விட்டோம். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு முறை இழுத்தார்கள். ஒருத்திக்குப் பிளக் உள்ளே போகவில்லை. தள்ளிப் பார்த்துவிட்டு, தானே சைடிங் மணியைக் கவனித்து மூடிவிட்டுச் செருகினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பூட்டே சொல்லிக்கொடுத்தது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. மகளை விட்டுவிட்டு ரயிலேறினேன்.

இன்று ஜூன் 2. 2023-இல் இதே நாளில் ஒடிசாவின் பாஹநாகா பஜார் நிலையத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் பாதைக்கான பச்சை விழுந்தது. பாயிண்டோ லூப்புக்குத் திரும்பியிருந்தது. நின்ற சரக்கு வண்டியில் மோதி 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் நடந்த தவறு என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. சென்ற ஆண்டு அக்டோபர் 11-இல் நம் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப்புக்குள் நுழைந்து சரக்கு வண்டியில் மோதியது. உயிர் போகாதது பெரும் புண்ணியம். விளக்கு ஒன்று சொல்லி, ரெயில் வேறொன்று சொல்கிற நேரத்தின் விலை அது.

மூன்று பாயிண்டுக்கும் ஆன செலவைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு வெளிநாட்டு மோட்டாரின் விலையில் பாதிகூட வரவில்லை. இதைச் செய்யப்போகும் யாருக்கும் நான் சொல்ல விரும்புவது: ஸ்போக்கிலும் ஸ்விட்சிலும் மிச்சம் பிடியுங்கள், டிடெக்‌ஷனில் மட்டும் பிடிக்காதீர்கள். அந்த இரண்டு குட்டித் திருகும் காகிதத் துண்டும்தான் பொம்மையை ரயிலாக்குகின்றன.

அடுத்தது திருத்தங்கல். பலகைக்குச் சொல்லியாயிற்று. இந்த முறை டங் ரெயிலின் பக்கத்தில் எம்2 திருகையும் விளக்கையும் முதலில் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்போக்கைக் கையில் எடுப்பேன்.